அழித்த ஒரு வரி, அலறிய அபாயச் சங்கு

அவைக்கு அழகூட்டும் தலைவர் திரு. அம்பிகைபாகன் அவர்களே, கோத்தா திங்கி ஆற்றங்கரையின் ஆன்றோரே, அன்பே வடிவான தாய்மாரே, கோயில் சபைச் செயலாளர் கமலநாதனின் கனிந்த வணக்கம்.

வெள்ளத்தன்று ஊரைக் காத்தவன் என்று தலைவர் என்னைப் புகழ்ந்தார். இல்லை ஐயா. என் பிழையைச் சொல்லவே மேடையேறினேன்.

நம் கோயில் மண்டபத்தில் ஒரு பொத்தான். ஆற்றோரத்தில், அதை அழுத்தினால் அலறும் அபாயச் சங்கு. இடையே கம்பியில்லை. காற்றிலே பாலம் போடுவது ஒரு சிறு பெட்டி. கண்ணில்லாத பெட்டி, எந்தக் கருவி எங்கே என்று எப்படி அறிகிறது? கேட்டு அறிகிறது. ஒரு கருவி பேசினால், அதன் முகவரியையும் குரல் வந்த பக்கத்தையும் குறித்துக்கொள்கிறது. அடுத்த செய்தியை அந்தப் பக்கம் மட்டுமே அனுப்புகிறது. ஐந்து நிமிடம் மௌனமா? குறிப்பை அழித்துவிடுகிறது. அதன்பின் செய்தி வந்தால்? தெரியாது என்று ஒப்புக்கொண்டு எல்லாப் பக்கமும் அனுப்புகிறது.

"அலமாக், அவ்வளவு மறதியா?" என்று வியக்கிறார் முன்வரிசை ஐயா. நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் பெட்டியின் பட்டியலில் அழியாதபடி என் கையாலேயே எழுதினேன்: சங்கு, மேற்குக் கரை.

பிறகு சங்கைக் கிழக்குக் கரைக்கு மாற்றினோம். எழுதியதை நான் மாற்றவில்லை.

ஜனவரியில் ஒரு நண்பகல், ஆறு ஏறியது. கிழக்குக் கரைக்குப் போகும் சாலை மூழ்கியது. கைப்பேசி அலைவரிசையும் போனது. கிழக்கே பதினொரு வீடுகள். அழுத்தினேன், ஓசையில்லை. மீண்டும் அழுத்தினேன்; ஓசையில்லை. சங்கு கெட்டுவிட்டது என்று சாதித்தேன்.

மாசாய் நகரத் தொழிற்சாலையில் கணினி இணைப்புகளைக் கவனிக்கும் சிந்துஜா, விடுமுறைக்கு வந்து மண்டபத்தில் உதவிக்கொண்டிருந்தார். பெட்டியின் பட்டியலைத் திறந்தார்.

"அங்கிள், சங்கு மேற்குலயா இருக்கு?"

"இல்லம்மா, கிழக்குக்கு மாத்திட்டோமே."

"அப்போ இந்த வரி யாரு எழுதுனா?"

"நான்தான்மா."

"அழிச்சிடலாம் அங்கிள். அதுவே தேடிக்கட்டும்."

அழித்தார். அழுத்தினேன். இடம் தெரியாத பெட்டி இரு கரைக்கும் செய்தி அனுப்பியது. கிழக்கே சங்கு அலறியது.

நடக்க முடியாத கணவரோடு அங்கே இருந்த கிருஷ்ணம்மா பிறகு சொன்னார்: "சத்தம் கேட்டதும் அவரை மோட்டர் சைக்கிள்ல ஏத்திக்கிட்டு மேட்டுக்கு வந்துட்டேன் லா. திரும்பிப் பார்த்தா வாசல்ல தண்ணி."

பதினொரு வீட்டாரும் பிழைத்தார்கள். தெரியும் என்ற என் திமிர் அவர்களைத் தவிக்கவிட்டது; தெரியாது என்ற பெட்டியின் தேடல் அவர்களைக் கரைசேர்த்தது. அறிந்தோம் என்று அமர்வதா அறிவு? அன்றாடம் கேட்பதன்றோ அறிவு?

ஆகவே கேட்கிறேன். அன்று சங்கொலி எட்டாத வீட்டார் இங்கே உண்டா? கை உயர்த்துங்கள்.

பின்வரிசையில் மூன்று கைகள். சங்கு விட்டுப்போன மேற்குக் கரைக் குடும்பங்கள். நான் அறியவேயில்லை.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. என் உரை இத்தோடு போதும். இறங்கி, முதலில் அந்த மூவரிடம் வருகிறேன். வணக்கம்.