ஒரு வாசலுக்கு ஒரு காவல்

முத்துப்பேட்டை அலையாத்தி டிராவல்ஸ் நிறுவனத்தின் தலைமை எழுத்தராய்த் திகழ்ந்து, இன்று பணிநிறைவு பெறும் திருமதி அமலோற்பவம் பெரியநாயகசாமி அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் நெகிழ்ந்து படைக்கும் பாராட்டு மடல்.

வாசலில் வந்து நிற்பவரின் கனவை, அவர் வாய் திறக்குமுன்பே வாசித்துவிடும் வல்லமை வாய்ந்தவரே! வணக்கம்.

காயல் காற்று வரும் காலைப்பொழுதுகளில் நம் அலுவலகம் பாதி உறக்கத்தில் மிதக்கும். பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருப்பவர்கள், கண்ணைத் திறந்தபடியே துபாய் போய்த் திரும்புவார்கள். கம்ப்யூட்டர் திரையில் நீந்தும் நீல மீன்களை நாங்களும் அவர்களோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். அத்தனை மயக்கத்துக்கும் நடுவே விழித்திருந்த ஒரே விளக்கு நீங்கள்! "தம்பி, போட்டோவுல காது தெரியல. இந்த மூஞ்சிய ஏர்போர்ட்ல நம்ப மாட்டான். போய் வேற எடுத்துட்டு வா" என்று நீங்கள் தட்டி எழுப்பியிராவிட்டால், எத்தனை விமானங்கள் எத்தனை பேரை விட்டுவிட்டுப் பறந்திருக்கும்!

தட்டச்சுப் பொறியின் தடதடப்பில் தொடங்கிய தங்கள் பணி, மௌஸின் மெல்லிய ஓசை வரை நீண்டது. அதற்கிடையே இந்த ஊரின் பாதி இளைஞர்கள் உங்கள் கையால் டிக்கெட் வாங்கிப் பறந்துவிட்டார்கள்.

பறந்தவர்கள் சும்மா திரும்புவதில்லை. நம் கடை வழியாகப் போனவர் லீவில் வந்தால் நம் கடைக்கும் ஒரு பொருள் தருவார். தந்தவர் மறுபடி வரும்போது அந்தப் பொருள் புழக்கத்தில் இருந்தாக வேண்டும். அத்தர் கொடுத்தவர் வந்தால் அத்தர் மணக்க வேண்டும். சுவர்க்கடிகாரம் கொடுத்தவர் வந்தால் அது ஓட வேண்டும். இது நம் கடையின் எழுதாத சட்டம்.

அந்தச் சட்டம்தான் நம்மைக் கவிழ்த்தது!

கம்ப்யூட்டர் வந்த பிறகு அன்பளிப்பும் மாறியது. முதலாளி அப்துல் அஜீஸ் அவர்களின் மருமகன் ஹஸ்ஸான், துபாயிலிருந்து ஓர் ஆன்ட்டி வைரஸ் சி.டி. கொண்டுவந்தார். மாப்பிள்ளை கொடுத்ததை உறையோடு வைத்திருக்க முடியுமா? உடனே ஏற்றினோம். அடுத்த மாதமே ஷார்ஜாவிலிருந்து தங்கள் திருமகனார் ஜோசப்ராஜ் வேறொன்று அனுப்பினார். தம் முதல் சம்பளத்தில் அம்மாவின் மேசைக்கென்று வாங்கியது. அதையும் ஏற்றினோம். "ஒரு வாசலுக்கு ரெண்டு காவக்காரன். இனிமே எந்த வைரஸ் வரும்னு பாக்குறேன்" என்று மார்தட்டினார் நம் கடை ஊழியர் நாகநாதன்.

வைரஸ் வரவில்லை. வேறெதுவும்கூட வரவில்லை! கம்ப்யூட்டர் பெட்டி தூங்கி வழிந்தது. மணி அடிக்கும், மணற்கடிகாரம் சுழலும், மீன்கள் பாதியில் நின்றுவிடும்.

அந்த வெள்ளிக்கிழமையை மறக்க முடியுமா? ஜாம்புவானோடை உபைதுல்லாவின் முதல் பயணம். திருச்சி விமான நிலையத்துக்குப் போகும் வேன் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அவருடைய விசா மெயிலில் வந்து நம் பெட்டிக்குள் இறங்கியிருந்தது. வேறெங்கும் போய் எடுக்க வழியில்லை. திரும்ப அனுப்பச் சொல்லலாமென்றால், வெள்ளிக்கிழமை அங்கே கம்பெனிக்கு விடுமுறை. விசாவைத் திறந்தால் ஒரு காவல் அதை இறுக்கிப் பிடித்தது. மற்றொரு காவல் பிடித்தவன்மேல் பாய்ந்தது. திரை உறைந்தது. பெஞ்சில் உபைதுல்லாவின் தாயார் ரஹ்மத் பீவியின் உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

நாகநாதன் தஞ்சாவூர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார். "ரெண்டும் நல்லதுதாண்ணே. ஆனா ஒன்னை ஒன்னு திருடன்னு நெனச்சு அடிச்சிக்குது. ஏதாவது ஒன்ன முழுசா எடுத்துட்டா பெட்டி பிழைக்கும். எதை எடுக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார் அவர்.

யார் சொல்வது? லீவில் வந்திருந்த மாப்பிள்ளை ஹஸ்ஸான், எதிர் நாற்காலியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். நாகநாதன் தரையைப் பார்த்தார். வேன் ஹாரன் அடித்தது.

"நாகநாதா, எம் பையனோடத எடுத்துடு" என்றீர்கள்.

ஹஸ்ஸான் பதறிப்போனார். "அக்கா, என்னோடத எடுங்க. நான் ஒன்னும் நெனச்சுக்க மாட்டேன்."

"நீங்க இந்த வீட்டு மாப்பிள்ளை தம்பி. நெனைக்கலன்னு சொல்லுவீங்க, ஆனா நெனைப்பீங்க. அவன் எம் புள்ள. கோவிச்சுக்கிட்டு எங்க போயிடப் போறான்?"

பெட்டி அணைந்து, மறுபடி கண் விழித்தது. விசா அச்சாகிச் சூடாகக் கைக்கு வந்தது. வேன் புழுதியில் கரைந்த பிறகும், ரஹ்மத் பீவி உங்கள் கையை விடவில்லை.

ஆனால் தாயே, தங்கள் மகன் கோபித்துக்கொண்டார். லீவில் வந்தவர் தங்கள் மேசையில் அமர்ந்து, திரையின் மூலையில், மணி காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் தம் காவலின் சின்னத்தைத் தேடினார். "என்னோடது எங்கம்மா?" என்றார். "எடுத்துட்டோம்ப்பா" என்றீர்கள். அவ்வளவுதான். யாருக்காக, எதற்காக என்று ஒரு சொல் இல்லை. சொன்னால் மாப்பிள்ளைமேல் வருத்தம் வருமென்று விழுங்கிவிட்டீர்கள். அதற்குப் பின் அவர் நம் கடைப்படி ஏறவில்லை. போனிலும் நலம் விசாரிப்பதோடு சரி. மெயில் வரும்போதெல்லாம் தங்கள் பார்வை திரையின் அந்த மூலைக்குப் போய் மீண்டதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

நாங்களும் எத்தனை நாள்தான் பார்த்துக்கொண்டிருப்பது? தங்கள் பணிநிறைவுச் செய்தியோடு, மகனின் கோபத்தையும் உபைதுல்லாவுக்கு எழுதினோம். அவர் இப்போது ஷார்ஜாவில்தான் இருக்கிறார். விடுமுறை நாளில் தங்கள் மகன் அறைக்கே போய், "உங்க சி.டி. போனதாலதான் அண்ணே நான் இங்க நிக்கிறேன்" என்று நடந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறார். ஜோசப்ராஜ் கேட்டாராம்: "எங்கம்மா ஏன் சொல்லல?"

பண்பின் பெட்டகமே! இந்த மேடையில் தாங்கள் மாலையோடு வீற்றிருக்கும் இவ்வேளையில், தங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு புதுக் கம்ப்யூட்டர், கேமராவோடு காத்திருக்கிறது. தங்கள் மகன் சொல்லியனுப்பி, நாகநாதன் வாங்கி, தங்கள் கணவரையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு காலையில் பொருத்தியது. அதன் மூலையில் ஒரே ஒரு காவல், மகன் அனுப்பியது. "இதுல வேற யாரோடதும் ஏத்த வேணாம்னு அம்மாட்ட சொல்லுங்க" என்பது அவர் கட்டளை. மாப்பிள்ளை ஹஸ்ஸானும் அடுத்த லீவில் அத்தரோடு நிறுத்திக்கொள்வதாக வாக்களித்துவிட்டார்.

ஆகவே இந்த மடலைச் சுவரில் மாட்டுவதற்கு முன், அந்தப் பெட்டியைப் போடுங்கள். முதலில் நீல மீன்கள் நீந்தும். பிறகு அவை விலகி, ஒரு முகம் வரும். அந்த முகத்தையும், அது கூட்டிவரப்போகும் மருமகள், பேரப்பிள்ளைகள் முகங்களையும் கண்ணாடி போடாமலே கண்டு களிக்கும் கண்ணொளியோடும், கால் வலியறியாத நலத்தோடும், நிறைவாழ்வு வாழ்வீர்! நெடுங்காலம் வாழ்வீர்!

இங்ஙனம்,
இன்று முதல் போட்டோவில் காது தெரிகிறதா என்று தாமே பார்க்க வேண்டியவர்களாகிய
அலையாத்தி டிராவல்ஸ் முதலாளியும் ஊழியர்களும்,
முத்துப்பேட்டை.