எலிதின்னிக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் மேடம், நான் குரங்குக் கறி தின்றதே இல்லை. உள்ளே வந்ததும் நீங்கள் கேட்டது அதைத்தானே. "என்னய்யா குரங்குதின்னி, சாப்பிட்டியா?" என்றீர்கள். உங்கள் போலீஸ் சட்டையில் ஜெரே என்ற பெயரைப் பார்த்ததுமே எனக்கு மனம் லேசாகிவிட்டது. நீங்கள் ங்கோனி இனம், நான் பெம்பா இனம். நம் முன்னோர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு மாண்டார்கள். நமக்கு மிச்சம் வைத்தது, மச்சான் முறை வைத்துத் திட்டிக்கொள்ளும் இந்தக் கேலிமுறையை. நானும் உங்களைத் திருப்பி எலிதின்னி என்று சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு வாய் வரவில்லை, மன்னியுங்கள்.

பெயர் பென்சன் கசோண்டே. லுஃபுப்வா நகராட்சியில் பதினாறு வருடமாக ஆய்வாளர். காங்கோ சுரங்கங்களுக்குக் கந்தக அமிலம் கொண்டுபோகும் லாரிகள் நம் ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். லாரி எவனுடையதாக இருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை காலித் தொட்டியோடு என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, மஞ்சள் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். தலைநகரில் கொடுக்கும் உரிமம் வேறு. அது காகிதத்தைப் பார்த்துக் கொடுப்பது. நான் லாரியைத் தொட்டுப் பார்த்துக் கொடுப்பவன்.

என் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். குழாய் வாயில் லிட்மஸ் தாள் வைப்பேன். சிந்தினால் கொட்டுவதற்குப் பத்து மூட்டை சுண்ணாம்பு இருக்கிறதா என்று எண்ணுவேன். கடைசியில் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, சின்னச் சுத்தியலால் அடித்தகட்டைத் தட்டுவேன். நல்ல தகடு கணீரென்று பேசும். அரித்த தகடு தொண்டை கட்டியவன் மாதிரி பேசும். எல்லாம் சரியென்றால், அச்சடித்த சீட்டில் இல்லாத ஒரு வரியை என் கையால் எழுதுவேன்: 'சந்தைச் சாலையில் செல்லக்கூடாது, சுற்றுச்சாலை மட்டும்.' பதினான்கு கிலோமீட்டர் கூடுதல். ஓட்டுநர்கள் என் பரம்பரையையே திட்டுவார்கள். திட்டட்டும், நான் அந்த வரியை எழுதிய வரைக்கும் சந்தையில் ஒரு சொட்டு சிந்தியதில்லை.

விட்சன் சோக்கோ உங்கள் ஆள், சுத்த ங்கோனி. மூன்று லாரி வைத்திருந்தான். சீட்டு வாங்க வரும்போதெல்லாம் ஒரு வாழைப்பழத்தோடு வருவான். வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இந்தா குரங்கே, பழம் வாங்காம நீ சீட்டு குடுக்க மாட்டியே" என்பான். நான் அவன் முன்னாலேயே தோலுரித்துத் தின்பேன். "எலி கடிச்ச பழம், அதான் நாறுது" என்பேன். அலுவலகமே சிரிக்கும். மேடம், என் வாழ்நாளில் நான் வாங்கிய கையூட்டு அந்தப் பழங்கள்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு தணிக்கைக்காரர்கள் வந்து லாரிக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். கசோண்டே கை நீட்டுவானா என்று கேட்டதற்கு, சோக்கோ, "நீட்டாம? குடுக்காம நான் ஒரு சீட்டும் வாங்கினதில்ல" என்றானாம். அவர்கள் எழுதினார்கள். படித்துக் காட்டினார்கள். கையெழுத்தும் போட்டான். மறுநாள் என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

ஒரு வாரம் கழித்து நான் அவன் வீட்டுக்குப் போனேன். கடலை உடைத்துக்கொண்டிருந்தான்.

"விளையாட்டாச் சொன்னேன் மச்சான். மச்சான் மேல கோவிச்சுக்கலாமா? முறை தப்பாயிடும்ல."

"கோவிக்கல. விளையாட்டுன்னு அவங்ககிட்ட எழுதிக் குடு, போதும்."

அவன் கடலைத் தோலை ஊதினான். "குடுக்கலாம். உன் எடத்துல வந்திருக்கானே புதுப்பையன், லாரிக்கு அடியிலயே குனிய மாட்டேங்கிறான். ஒரே காலையில மூணு சீட்டு. கொஞ்ச நாள் போகட்டுமே மச்சான்."

பன்னிரண்டு வருடம் ஒரே தட்டில் கைவைத்துத் தின்றவன். நெஞ்சில் உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது, அதை மறைக்கமாட்டேன். வலித்தது. ஆனால் கோபம் வரவில்லை. முறையில் அதற்கு இடமில்லை.

அவனுடைய கொஞ்ச நாள் எட்டு மாதமாயிற்று. மூட்டை மூட்டையாகச் சோளம் அடுக்கி வைத்திருந்தவர்களா நாங்கள்? என் மனைவி பெர்த்தா சந்தையில், வேகத்தடைக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கடை போட்டாள். ஒரே ஒருவனின் சாட்சியம் போதாதென்று என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு வரவேண்டிய தலைமை ஆய்வாளர் பதவி அதற்குள் வேறொருவனுக்குப் போய்விட்டது. மேசை இழுப்பறையைத் திறந்தால் யாரோ வாழைப்பழத் தோல் வைத்திருப்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது. பெர்த்தா கடையை விடவில்லை. "உங்க வேலைய நம்பி இனி ஒக்கார முடியாது" என்றாள்.

இந்த வருடம் ஜூன் மாதம் ஒரு புதன்கிழமை சோக்கோ பெரிய லாரியைக் கொண்டுவந்தான். பழமும் கொண்டுவந்தான். தொட்டி வெளியே பளபளவென்று இருந்தது. உள்ளே தண்ணீர் விட்டுக் கழுவினாயா என்று கேட்டேன். "கழுவாம அழுக்கோடவா உன் முன்னால நிக்கும்?" என்றான். அமிலத் தொட்டியில் தண்ணீர் பட்டால் மிச்ச அமிலம் இரும்பைத் தின்னும் என்று அவனுக்கு நூறு முறை சொல்லியிருக்கிறேன். நான் இல்லாத எட்டு மாதத்தில் எல்லாம் மறந்துபோயிருக்கிறது.

அடியில் படுத்துத் தட்டினேன். பின்சக்கரத்துக்கு மேலே, இரும்பைப் பற்றவைத்த கோட்டுக்குப் பக்கத்தில், தகடு தொண்டை கட்டிப் பேசியது. இன்னொருமுறை தட்டினேன். அதே சத்தம்தான்.

"எப்படி இருக்கு மச்சான்?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"கணீர்னு இருக்கு" என்றேன்.

அவனிடம் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். சீட்டில் முத்திரை குத்தினேன். கையால் எழுதும் அந்த வரியை எழுதவில்லை. அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்னடா குரங்கு, உன் வரியக் காணோம்? சந்தை வழியாவே போகலாமா?"

"போ. டீசல் மிச்சம்."

என்னைக் கட்டிக்கொண்டான். உண்மையாகவே மகிழ்ந்தான். புதுச் சீட்டின் முதல் நடையை அவனேதான் ஓட்டுவான், ராசி என்பான். அது எனக்குத் தெரியும். மறுநாள் வியாழன், சந்தை கூடும் நாள். அதுவும் தெரியும்.

ஒன்பதரை மணிக்கு லாரி வேகத்தடையில் ஏறி இறங்கியது. பற்றவைத்த கோடு பிளந்துகொண்டது. அவன் ஓடியிருக்கலாம், அவன் பக்கக் கதவு காற்று வரும் பக்கம்தான், புகை அங்கே வராது. ஆனால் நான் சொல்லிக்கொடுத்தபடியே சுண்ணாம்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். மூன்று மூட்டை கொட்டினானாம். நாலாவதில் அமிலத்திலேயே வழுக்கி விழுந்துவிட்டான். எல்லாவற்றையும் மறந்தவன், பாருங்கள், அதை மட்டும் மறக்கவில்லை.

அவனோடு செத்தது மூன்று பெண்கள். தக்காளி விற்கும் முலெங்காவின் அம்மா, அவள் தங்கை, உப்பு வாங்க வந்த ஒருத்தி. அவர்களுக்காக இன்றுவரை வருந்துகிறேன். அவர்கள் என் நினைப்பிலேயே இல்லை.

அன்று காலை பெர்த்தாவை நான் சந்தைக்குப் போகவிடவில்லை. வயிறு வலிக்கிறது, பக்கத்தில் இரு என்றேன். அவள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். முழுக் கிண்ணமும் குடித்தேன். உங்களிடம் வந்து அவள் சொன்னது அதைத்தானே? நாற்பது நாள் மனதில் போட்டுப் புரட்டியிருக்கிறாள். "அன்னிக்கு ஏன் போக வேணாம்னீங்க?" என்று ஒருநாள் கேட்டாள். உயிரைக் காப்பாற்றியவனைக் கொண்டுவந்து காட்டிக்கொடுத்துவிட்டாள். சோக்கோவாவது அந்நியன்.

நான் எதையும் ஒளித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். சோக்கோவின் சாவுக்கு நான்தான் கேலிமுறைக்காரன். பெட்டியை இறக்கவிடாமல் குழிக்குள் படுத்து வம்பு செய்வது என் உரிமை, என் கடமை. இறங்கிப் படுத்தேன். "இந்த எலிதின்னிய நான்தான் கொன்னேன்!" என்று கத்தினேன். "ஓட்டத் தொட்டின்னு தெரிஞ்சே சீட்டு குடுத்தேன்! சந்தை வழியாப் போடான்னு அனுப்பினேன்! எங்க, என்னைப் புடிங்க பாப்போம்!" இருநூறு பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூன்று நாளாக வாயில் தண்ணீர்கூடப் படாத அவன் மனைவி எஸ்னாத், முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா நான் செத்திருப்பேன் அண்ணே" என்றாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கடலைக்கீரை சமைத்து அனுப்புகிறாள். நானும் சாப்பிடுகிறேன்.

எழுதி முடித்துவிட்டீர்களா? கொடுங்கள், படித்துவிட்டுத்தான் கையெழுத்திடுவேன். சோக்கோ மாதிரி விளையாட்டாகப் போடமாட்டேன். தேதி சரி. தொட்டி சரி. வியாழக்கிழமை சரி.

இந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள் மேடம். 'கோபத்தில்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்களே ங்கோனி, உங்களுக்குத் தெரியாதா? மச்சான்மேல் யாராவது கோபப்படுவார்களா?