காத்திருப்புக் கூடத்தில் கேட்ட குரல்

என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும், புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் இதன் மூலம் வெளியாகிவிடக் கூடாது என்பதற்காகத் தனித்தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்தாறு. பாலத்தை ஒட்டிய குடியிருப்பில் இரண்டாவது மாடியில் என் கணவருடனும் மகளுடனும் வசித்து வருகிறேன். பிஸ்கட் தொழிற்சாலை ஒன்றில் கணினி, திரை, ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பராமரிக்கும் வேலை பார்த்து வருகிறேன். என் கணவர் அதே தொழிற்சாலையில் ஒப்பந்த எலக்ட்ரீஷியனாக இருக்கிறார். எங்களுடையது நாங்களே விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். இந்த வாக்குமூலத்தை வீடியோவில் எடுக்கலாமா என்று காவல் நிலைய அதிகாரி கேட்டார். வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்.

எங்கள் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு மேலாளர் தன்னிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக அந்தப் பிரிவில் வேலை செய்யும் ஒரு பெண் புகார் கொடுத்திருந்தார். அதை விசாரிக்க வெளியிலிருந்து ஒரு வக்கீலம்மாவும் நிர்வாகத்தின் சார்பில் இருவரும் கொண்ட குழு அமைக்கப்பட்டது. புகார் கொடுத்தவர் யார் என்பது மேலாளருக்கோ மற்றவர்களுக்கோ தெரிவிக்கப்படவில்லை. மேலாளர் இருக்கும் கட்டடத்திலேயே உட்கார்ந்து அதைப் பேச அந்தப் பெண்ணுக்குத் தைரியம் வராததால், வக்கீலம்மா தன் அலுவலகத்தில் வைத்து அவர் சொன்னதை வீடியோவாகப் பதிவு செய்து, குழுவினர் மூவர் மட்டும் கேட்பது என்று முடிவானது. அதைப் போட்டுக் காட்டுவதற்கான ஏற்பாடு என் பொறுப்பில் விடப்பட்டது.

அதன் பிறகு, விசாரணைக்கு முந்தின நாள் அந்தப் பெண் தானாகவே என் அறைக்கு வந்தார். கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார். "அக்கா, நான் பேசினது வெளில யாருக்கும் கேக்காதுல்ல?" என்று கேட்டார். "கேக்காதும்மா. அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்று சொன்னேன். அவர் போகும்போது கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் கணவர், புகார் கொடுத்த பெண் யார் என்று என்னிடம் கேட்டார். "அதை மட்டும் கேக்காதீங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "சரிம்மா, ரகசியக் காவல்காரி" என்று சொல்லிவிட்டு எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று நினைத்தேன்.

விசாரணை அறையில் இருக்கும் கணினியில், கட்டளை தட்டி இயக்கும் பிளேயர்தான் இருக்கிறது. அதில் அழுத்துவதற்குப் பொத்தான்கள் கிடையாது. படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும், ஒலி எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று எழுத்தில் தட்டிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டாம் என்றால் ஓர் அமைப்புக் கோப்பில் எழுதி வைத்துவிடலாம். பிறகு கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் பிளேயர் அதன்படி நடக்கும். அந்தக் கணினியிலிருந்து ஒரு நீளக் கம்பி கீழே காத்திருப்புக் கூடத்தில் உள்ள பெரிய டிவிக்கும் போகிறது. ஷிப்ட் மாறும்போது வண்டி புறப்படும் நேரம் அதில்தான் ஓடும்.

விசாரணை நாளன்று காலையில் நான் படத்தை அறைக்குள் இருக்கும் சின்னத் திரைக்கும், ஒலியை ஹெட்போன் இணைப்புக்கும் என்று அமைப்புக் கோப்பில் எழுதினேன். அந்த இணைப்பைப் பிரித்து மூன்று ஹெட்போன் மாட்டினேன். அதன் பிறகு ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, கீழே இறங்கிப் போய் டிவிக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். ஒரு முனகல்கூட வரவில்லை. திரும்பி மேலே வந்தபோது என் கணவர் அறையில் மின்விசிறியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஹெட்போனில் கரகரப்பு இருந்ததால் வேறு எடுத்துவர என் அறைக்குப் போனேன். கணினியைப் பூட்டாமல் போனேன். உள்ளே இருந்தது என் வீட்டுக்காரர் என்பதால் பூட்ட வேண்டும் என்று தோன்றவில்லை.

அதன் பிறகு குழுவினர் வந்தார்கள். எப்படித் தொடங்குவது என்று வக்கீலம்மாவுக்குக் காட்டிவிட்டு நான் வெளியே வந்தேன். பதிவில் உள்ளதைக் கேட்க எனக்கு அனுமதி கிடையாது. நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். சற்று நேரத்தில் கீழேயிருந்து யாரோ பேசுவது கேட்டது. யாரோ போனில் ஒலிபெருக்கியைப் போட்டுப் பேசுகிறார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகு அது அந்தப் பெண்ணின் குரல் என்று தெரிந்து கீழே ஓடினேன்.

கூடத்தில் ஷிப்ட் முடிந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். டிவி திரையில் வண்டி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. மேலாளர் ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்ட நாளைப் பற்றி அந்தப் பெண் சொல்லிக்கொண்டிருந்தார். இடையிடையே மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. பேக்கிங்கில் வேலை செய்யும் ஒரு மூத்த அம்மா டிபன் பாக்ஸை மடியில் வைத்தபடி சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் இருவர் சிரித்தார்கள். ஒருவர் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, "ஏய், அவதான்டா" என்றார். மேலாளரின் உதவியாளர் டிவிக்கு நேர் கீழே நின்றிருந்தார். என் கணவர் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கை நீட்டினால் பிளக் எட்டும். அவர் நீட்டவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவரைத் தாண்டிக் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன்.

அதன் பிறகு மேலே போய்ச் சொன்னேன். குழுவினருக்கு எதுவும் தெரியவில்லை. ஹெட்போனில் ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது என்றார்கள். அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். நான் எழுதிய ஹெட்போன் பெயர் இல்லை. அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில் 'ரெண்டுபேர்' என்று இருந்தது. ஹெட்போனுக்கும் டிவிக்கும் ஒரே நேரத்தில் ஒலியை அனுப்பும்படி ஒரு கூட்டுச் சாதனம் உருவாக்கி, அதற்கு அந்தப் பெயர் வைக்கப்பட்டிருந்தது.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று அதிகாரி கேட்டதால் சொல்கிறேன். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, அவள் தூக்கம் கலையாமல் நாங்கள் படம் பார்ப்பதற்காக, வீட்டுக் கணினியில் இரண்டு ஹெட்போனுக்கும் சேர்த்து ஒலி போகும்படி நான் செய்து வைத்தேன். சாதனத்துக்கு ஒரு பெயர் கேட்டது. "நம்ம ரெண்டு பேருக்குத்தானே, அதையே வை" என்று சொன்னது என் கணவர். எப்படிச் செய்வது என்று பக்கத்தில் உட்காரவைத்து அவருக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். அந்தப் பெயர் எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் கிடையாது.

யார் மாற்றியது என்று வக்கீலம்மா கேட்டார். நான் திரையில் இருந்த அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. வேலையை நிரந்தரமாக்கித் தருவதாக மேலாளர் சொன்னதாகவும், புகார் கொடுத்தது யார் என்று தெரிந்தால் போதும் என்று கேட்டதாகவும் சொன்னார். "சத்தம் கம்மியாத்தான் இருக்கும், கீழ நிக்கிற அவரு ஆளுக்கு மட்டும் கேக்கும்னு நெனச்சேன். டிவியில யாரோ கூட்டி வச்சிருக்காங்க. நான் என்ன பண்ண?" என்றார். பிளக்கை ஏன் பிடுங்கவில்லை என்று கேட்டேன். "எல்லாம் நமக்காகத்தான் செஞ்சேன்" என்றார். "என்னையும் அதுல சேத்துச் சொல்லாதீங்க" என்று நான் சொன்னேன். அதன் பிறகு அவர், மெஷினில் ஏதோ கோளாறு என்று நான் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், பெரிதாக ஒன்றும் ஆகாது, படித்தவள் சொன்னால் நம்புவார்கள் என்றார். நான் மகளைக் கூட்டிக்கொண்டு என் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவருடைய அம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றார். "காவலுக்குக் கட்டின வேலின்னு நெனச்சோம். அந்த முள்ளே கால்ல ஏறிடுச்சு. இப்ப என்ன, ஆழமா இறங்கிருச்சான்னு பாக்க வந்தியா?" என்று கேட்டார். நான் வாசலிலேயே நின்றேன். நடந்ததையும், செய்தது என் கணவர்தான் என்பதையும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் வெளியே வந்தார். தலை வாராமல் இருந்தார்.

"நான் பேசினதை நீங்க கேட்டீங்களாக்கா?" என்று கேட்டார். முழுசாகக் கேட்கவில்லை, பிளக்கைப் பிடுங்கும் வரைதான் என்றேன். "அப்ப கடைசியில சொன்னது கூடத்துல யாருக்குமே கேட்டிருக்காது" என்றார். பிறகு, இனி ஒளித்து வைக்க ஒன்றும் மிச்சமில்லை, அதனால் புகாரைத் திரும்பப் பெறப்போவதில்லை, மேலாளரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டே நேரில் பேசப்போகிறேன் என்றார். "நீங்களும் உங்க வீட்டுக்காரர் பேரைச் சொல்லணும்க்கா. மெஷின் மேல பழி போட்டீங்கன்னா, அவங்க கூட நீங்களும் சேந்துதான் சிரிச்சீங்கன்னு நெனச்சுக்குவேன்" என்றார். சொல்கிறேன் என்றேன். இந்த முறை அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. நேராக இங்கே வந்தேன்.

மாற்றப்பட்ட அமைப்புக் கோப்பை நான் திருத்தவோ அழிக்கவோ இல்லை. அந்தக் கணினி வக்கீலம்மாவின் பொறுப்பில் இருக்கிறது.

மேலே எழுதியிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. யாரும் என்னைப் பயமுறுத்தவோ ஆசை காட்டவோ இல்லை. சொன்னது அத்தனையும் நிஜம். சாட்சிக் கையெழுத்துப் போட உங்கள் தரப்பில் யாராவது வந்திருக்கிறார்களா என்று அதிகாரி கேட்டார். வெளியே பெஞ்சில் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார், ஆனால் என் தரப்பில் யாரும் வரவில்லை என்று சொன்னேன். அதன் பிறகு நிலைய எழுத்தரே சாட்சியாக ஒப்பமிட்டார்.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்