ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

வீட்டு விலை விசாரிப்பது நல்ல பொழுதுபோக்கு, சார். வாங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

வீரபாண்டியில் எங்கள் கொன்றை நகரில் இரண்டாயிரத்து ஆறில் சென்ட் எண்பதாயிரம். சின்ன ஓடை ஒன்றைத் தாண்டினால் மல்லி நகர். அங்கே ஒன்றரை லட்சம். அதே செங்கல், அதே கொத்தனார். எங்கள் கிணறுகளில் சாயம் வரும், அவர்கள் கிணறுகளில் தண்ணீர் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் பக்கம் வீடு பார்க்க வருகிறவர்கள் ஹாலைப் பார்க்க மாட்டார்கள். முதலில் கிணற்றில் ஒரு வாளி இறைத்து, டம்ளரில் மொண்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார்கள். பிறகுதான் விலைப் பேச்சு.

எனக்கு வயிறு எரிந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

அப்போது மல்லி நகரில் பூவாத்தாள் அக்கா வீடு விலைக்கு வந்தது. அவர் கணவர் கன்னையனுக்கு இதய ஆபரேஷன். கோயமுத்தூரில் பணம் கட்டினால்தான் தேதி கொடுப்பார்களாம்.

"தம்பி, நீங்க வாங்கறீங்கன்னா எங்களுக்குஞ் சந்தோசந்தானுங்க. ஆனா வெலைய மட்டும் கொறைக்க முடியாதுங்க. அவரு உசுரு அதுல இருக்குதுங்க" என்றார்.

சொல்லிவிட்டுக் காபி போட உள்ளே போனார். நான் சாயப்பட்டறையில் கலர் கலக்குகிறவன். என் டிபன் பாக்ஸில் அன்றைக்குச் சோறு இல்லை, சிவப்புப் பவுடர் இருந்தது. கிணற்றில் கொட்டிவிட்டு வந்து காபியைக் குடித்தேன். அருமையான காபி.

அடுத்துப் பார்க்க வந்தவர்கள் டம்ளரைத் தூக்கினார்கள். ரோஸ் மில்க் மாதிரி இருந்ததாம். ஒருத்தரும் திரும்பி வரவில்லை. "எங்கூட்டுத் தண்ணி இப்புடி ஆயிருச்சேங்க தம்பி" என்று அக்கா அழுதார். பாவமாக இருந்தது. அதனால் எங்கள் பக்கத்து விலைக்கே நான் வாங்கிக்கொண்டேன். ஆபரேஷனுக்குப் பணம் பற்றவில்லை. கன்னையன் ஆடியில் போய்ச் சேர்ந்தார். அங்கே கிடந்ததிலேயே பெரிய மாலை நான் போட்டதுதான், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

மோட்டார் வைத்து இறைத்துத் தள்ளியதும் கிணறு தெளிந்துவிட்டது. பால் காய்ச்சிக் குடிபோனோம். ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? மல்லி நகரிலும் சாயத் தண்ணி என்று பரவி, விலை மொத்தமாக விழுந்தது. விழுந்த விலைக்கு என் புது வீட்டை ஒட்டிய தோட்டத்தை ஒரு முதலாளி வாங்கிச் சாயப்பட்டறை போட்டுவிட்டார். இப்போது என் கிணற்றில் நீலம் வருகிறது. வேட்டியை நனைக்கவே என் மனைவி மயிலாளுக்குப் பயம். "ஏனுங்க, வித்துப்போட்டுப் போயர்லாமுங்க" என்கிறாள். எந்த மடையன் வாங்குவான்?

அதற்காகத்தான் சார் இந்தப் புகார். விசாரணையில் குழப்பம் வரக்கூடாதே என்றுதான் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். நான் போட்டது சிவப்பு. நீலத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்லை. ஒரு குடும்பம் குடிக்கிற தண்ணீரில் சாயத்தைக் கலக்க எப்படித்தான் மனசு வருகிறதோ, அவனைப் பிடித்து உள்ளே போடுங்கள்.