வகுப்புக்குப் போனவள்

மூத்தவள்: ஏழே முக்கால் ஆச்சு. எட்டரைக்கு என்னைத் தண்ணியில இறக்கிடுவாங்க. சீக்கிரம் சொல்லித் தாடி.

இளையவள்: மெதுவாப் பேசு. சுவத்துக்கு அந்தப் பக்கம் சபையே உக்காந்திருக்கு.

மூத்தவள்: அவங்க மைக்கைத் தட்டற சத்தத்துல ஒண்ணும் கேக்காது. சாட்சி சொல்லணும்னியே, என்ன அது? கோர்ட்ல சொல்ற மாதிரியா?

இளையவள்: ஞானஸ்நானம் எடுக்கறதுக்கு முன்னாடி, எப்படி விசுவாசத்துக்கு வந்தேன்னு எல்லார் எதிர்லயும் சொல்லணும். இதுகூடத் தெரியாம வந்து நிக்கறியே...

மூத்தவள்: வகுப்புக்குப் போனது நான் இல்லையே.

இளையவள்: மூணு மாசம். ஒரு சனிக்கிழமை விடல. உன் பேர்ல.

மூத்தவள்: நான் என்ன பண்ணுவேன்? சனிக்கிழமை வந்தாப் போதும், ஆஸ்பத்திரியில யாராவது ஒரு நர்ஸ் லீவு போட்டுடறா. நீதானே "நான் போறேன், ஒரே மூஞ்சிதானே, யாருக்குத் தெரியப் போகுது"ன்னே.

இளையவள்: வேற யார் சொல்லுவா? ஸ்கூல்ல உனக்குப் போட வேண்டிய தடுப்பூசியையே நான்தான் போட்டுக்கிட்டேன். என்னோடது ஒரு கையில, உன்னோடது ஒரு கையில.

மூத்தவள்: அதை வெளியில சொல்லாதே. நர்ஸ் மானம் போயிடும்.

இளையவள்: காய்ச்சல்ல கிடந்தேன். நீ பக்கத்துல உக்காந்து பிஸ்கட் தின்னே.

மூத்தவள்: துணைக்குத்தான்டி உக்காந்தேன்... சரி சரி, சாட்சி.

இளையவள்: நான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லு. வகுப்புல ஏற்கெனவே இதைச் சொல்லிட்டேன். "ஞாயித்துக்கிழமையும் இதையே சொல்லும்மா"ன்னு பாஸ்டர் சொல்லிட்டார். மாத்த வழி இல்ல.

மூத்தவள்: ம்.

இளையவள்: "பொறந்ததுலேர்ந்து நான் யாருக்காவது பதிலாத்தான் போயிருக்கேன்."

மூத்தவள்: பொறந்ததுலேர்ந்து நான்... ஏய், நான் எங்கடி போனேன்? போனது நீ.

இளையவள்: வாயில வந்துடுச்சு. எல்லாரும் கேட்டும் முடிச்சாச்சு. சொல்லு.

மூத்தவள்: ...பதிலாத்தான் போயிருக்கேன். அடுத்தது?

இளையவள்: "தெருவுல யார் பாத்தாலும் முதல்ல கேக்கறது, நீ பெரியவளா, சின்னவளா?"

மூத்தவள்: அதை என்னையும்தான் கேக்கறாங்க.

இளையவள்: பெரியவள்னு நீ சொன்னா நின்னு பேசுவாங்க. சின்னவள்னு நான் சொன்னா "அக்கா நல்லா இருக்காளா"ன்னு கேட்டுட்டுப் போயிடுவாங்க.

மூத்தவள்: தெருவுல யார் பாத்தாலும் முதல்ல கேக்கறது...

இளையவள்: ஏன் நிறுத்திட்டே?

மூத்தவள்: ஒண்ணுமில்ல. மேல சொல்லு.

இளையவள்: "ஒரு நாள் பாஸ்டர் ஆட்டு மந்தையைப் பத்திப் பேசினார். வேலி ஓரமா நின்னு பாக்கறவனுக்கு எல்லா ஆடும் ஒண்ணுதான். மேய்க்கிறவருக்கு அப்படி இல்ல. எது நொண்டும், எது முட்டும், எது கூட்டத்துக்குள்ள ஒளிஞ்சுக்கும்னு தனித்தனியாத் தெரியும்."

மூத்தவள்: நான் முட்டற ஆடு.

இளையவள்: விளையாடாதே.

மூத்தவள்: பத்து நிமிஷம் முன்னாடி பொறந்தவகிட்ட மரியாதையாப் பேசு... சரி. எது நொண்டும், எது முட்டும், எது ஒளிஞ்சுக்கும். அப்புறம்?

இளையவள்: "அன்னிக்கு எனக்கு ஒரு பயம் வந்துச்சு."

மூத்தவள்: என்ன பயம்?

இளையவள்: அதை வகுப்புல சொல்லல. விட்டுடு.

மூத்தவள்: எங்கிட்ட சொல்லு.

இளையவள்: சிரிப்பே.

மூத்தவள்: சிரிக்க மாட்டேன்.

இளையவள்: ...அங்க உன் பேரைச் சொல்லித்தானே ஜெபம் பண்ணிட்டு வந்தேன். எல்லாம் உன் கணக்குல போய்ச் சேருதோன்னு பயம்.

மூத்தவள்: அடிப்பாவி! அதான் எனக்கு ப்ரோமோஷன் வந்துச்சா?

இளையவள்: பாத்தியா, சிரிக்கறே.

மூத்தவள்: இல்லடி, இல்ல. அப்புறம் என்ன பண்ணே?

இளையவள்: மறுநாள் காலையில பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுட்டு நானா ஆரம்பிச்சேன். "ஆண்டவரே, நான் அவ இல்ல. இத்தனை நாள் அவ பேரைச் சொன்னதுக்கு மன்னிச்சுக்கோங்க. சின்னவ பேசறேன்"னு.

மூத்தவள்: என்ன சொன்னார்?

இளையவள்: ஒண்ணும் சொல்லல. ஆனா நீ பெரியவளா சின்னவளான்னு கேக்கவும் இல்ல. கேக்காத முதல் ஆள் அவர்தான். மூக்குக் கண்ணாடிக் கடையில நாள் பூரா ஊரார் மூஞ்சியைப் பாத்து ஃப்ரேம் எடுத்துக் குடுக்கறேன். அன்னிக்குத்தான் என் மூஞ்சியை யாரோ நிதானமாப் பாத்த மாதிரி...

மூத்தவள்: மாதிரி?

இளையவள்: அவ்வளவுதான். கடைசியில "ஆமென்" சொல்லிடு.

மூத்தவள்: சரி. அங்கியைக் குடு.

இளையவள்: நாற்காலியில வெச்சா கசங்கிடும். நானே பிடிச்சுக்கறேன்.

மூத்தவள்: கீழ என்னடி இவ்வளவு கனம்?

இளையவள்: தண்ணியில இறங்கினா துணி மேல மிதந்து வரும். அதான் ஓரத்துல சின்னச் சின்னதா இரும்பு வளையம் வெச்சுத் தைச்சேன்.

மூத்தவள்: எனக்காகவா?

இளையவள்: ...போட்டுக்கறவங்களுக்காக.

மூத்தவள்: விடு, இழுத்தாக் கிழிஞ்சுடும்.

இளையவள்: விட்டுட்டேனே.

மூத்தவள்: எங்க விட்டே? உன் விரலைப் பாரு.

இளையவள்: முன் வரிசையில உனக்கு வரப்போற மாமியார் உக்காந்திருக்காங்க.

மூத்தவள்: பாத்தேன். கேமராவும் கையுமா.

இளையவள்: ஞானஸ்நானம் முடிஞ்சாத்தான் கல்யாணத் தேதின்னு சொன்னவங்க. நீ சாட்சியில தடுமாறினே...

மூத்தவள்: நான் ஏன் தடுமாறறேன்? இதோ. பொறந்ததுலேர்ந்து நான் யாருக்காவது பதிலாத்தான் போயிருக்கேன். தெருவுல யார் பாத்தாலும்...

இளையவள்: நிறுத்து.

மூத்தவள்: தப்பாச் சொல்றேனா?

இளையவள்: சரியாத்தான் சொல்றே. அதான் கேக்க முடியல.

மூத்தவள்: அப்ப என்ன பண்ணலாம்ங்கறே?

இளையவள்: ஒண்ணும் பண்ண வேண்டாம். போட்டுக்கோ.

மூத்தவள்: கையைத் தூக்கிட்டேன். மாட்டி விடு.

இளையவள்: இரு, ஓரம் மடங்கியிருக்கு.

மூத்தவள்: கை வலிக்குதுடி.

இளையவள்: அக்கா... நான் இறங்கட்டுமா?

மூத்தவள்: எனக்குப் பதிலாவா?

இளையவள்: இல்ல. நானா. என் பேர்ல. உன் கல்யாணம் தள்ளிப் போகும், தெரியும். உன் மாமியார் என்னைத் திட்டுவாங்க, உன்னைத் திட்டுவாங்க, யார் யாருன்னு தெரியாம மாத்தி மாத்தித் திட்டுவாங்க. ஆனா இது ஊசி இல்லக்கா. ஒருத்திக்காக இன்னொருத்தி போட்டுக்க முடியாது.

மூத்தவள்: அப்பாடா. ஒரு வழியா வாயைத் திறந்தே.

இளையவள்: என்னது?

மூத்தவள்: குழாய் சத்தத்துல உன் குரல் கேக்காதுன்னு நினைச்சியா? நைட் டூட்டிக்காரிக்குத் தூக்கத்துலயும் காது கேக்கும். போன வாரமே பாஸ்டர்கிட்ட போய் எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

இளையவள்: ஐயோ! என்ன சொன்னார்?

மூத்தவள்: நல்லாத் திட்டினார். அப்புறம் டீ குடுத்தார்.

இளையவள்: உன் ஆளுக்குத் தெரியுமா?

மூத்தவள்: அவர்கிட்ட சொன்னா, "எனக்கு முன்னாடியே சந்தேகம்"ங்கறார். பஸ் ஸ்டாப்புல உன்னை நான்னு நினைச்சுக் கண்ணடிச்சாராமே?

இளையவள்: நான் செத்தே போயிட்டேன் அன்னிக்கு.

மூத்தவள்: நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டியாம். நானா இருந்தா திருப்பிக் கண்ணடிச்சிருப்பேனாம்.

இளையவள்: மாமியார்?

மூத்தவள்: இனிமேதான். இப்ப போய்ப் பக்கத்துல உக்காந்து சொல்லப் போறேன். மயங்கி விழுந்தா நர்ஸ் கூடவே இருக்கேன்ல. அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து வகுப்புக்கு நானே போறேன். தேதி தள்ளினாத் தள்ளட்டும். ஒண்ணும் தெரியாம இறங்கினா துணி ஈரமாகும், வேற ஒண்ணும் ஆகாது.

இளையவள்: எல்லாத்தையும் முடிச்சு வெச்சுக்கிட்டு எதுக்குடி இவ்வளவு நேரம் என்னை வதைச்சே?

மூத்தவள்: பாஸ்டர் போட்ட கண்டிஷன். "உன் தங்கச்சிக்காக நீ வந்து கேக்காதே, அது செல்லாது. அவளுக்கு வேணும்னா அவளே கேக்கட்டும்"னுட்டார். நீயோ, பொறந்ததுலேர்ந்து எனக்கு வேணும்னு ஒரு பென்சில்கூடக் கேட்டதில்ல. எனக்கு ஒரே பயம், கடைசி வரைக்கும் கேக்காம என்னை உள்ள தள்ளிடுவியோன்னு. கையைத் தூக்கு. பாஸ்டர் கதவுக்கு வெளியில நிக்கறார். எங்கிட்ட கேட்டதை அவர்கிட்டயும் கேளு, உன் பேரைச் சொல்லி. மைக்லயும் அந்தப் பேரைத்தான் கூப்பிடுவார்... ஏய், தொட்டி இன்னும் இருபது அடி தள்ளி இருக்கு. அதுக்குள்ள எதுக்குடி நனையறே?