வயல் குடித்த மழை

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். பெருமழை பெய்த மறுநாள் காலை, காஜா பேராங்கிலிருந்து மலாக்கா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கையில் இரண்டு துணிக்கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"நேத்து எங்க அடுப்புல மீன் நீந்துச்சு, நானா" என்றார் இளையவர், அண்ணன் முறை வைத்து.

பெரியவர் சிரித்துவிட்டார்.

"சிரிக்காதீங்க. முன்னெல்லாம் எவ்வளவு மழை பெஞ்சாலும் பின்னாடி இருந்த வயல் குடிச்சிரும். இப்ப அதுல பேருக்கு மண்ணைக் கொட்டி வரிசையா வீடு கட்டிட்டாங்க. தண்ணி எங்க வீட்டுக்குள்ள வருது. ஆத்திரம் தாங்காம புது வீட்டுக்காரங்களோட சண்டை போடப் போனேன்."

"போட்டியா?"

"எங்க போடுறது? கதவைத் தட்டினா, ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணியோட சம்சாரம் இடுப்புல புள்ளையோட முழங்கால் தண்ணியில நிக்குது. 'அண்ணே, முன்னாடி இந்தத் தண்ணியெல்லாம் எங்க போகும்?'னு என்னையே கேக்குது."

"நீ என்ன சொன்னே?"

"உங்க வீடு இருக்குற எடத்துக்குத்தாம்மான்னு எப்படிச் சொல்றது? வாளியை வாங்கித் தண்ணியை எறைச்சுக் குடுத்துட்டு வந்தேன்."

"வீட்டைக் கட்டினவன்?"

"அவன் சிங்கப்பூர்ல இருக்கானாம். யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"எங்க வீட்டுக்குப் பின்னாடி வயலையும் போன வாரம் அளந்துட்டுப் போனாங்கப்பா. ஊரு பெருகுது, யாவாரம் பெருகும்னு நெனைச்சேன். அளக்க வந்தவங்களுக்கு நான்தான் இளநி வெட்டிக் குடுத்தேன்."