அடையாளம் கண்டவர்: மோகன்ராஜ்

டீ நல்லா இருக்குது, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவால்ல.

என் வேலை என்னன்னு கேட்டீங்க. ஜில்லா பூரா சர்வேக்காரங்க பாம்பு, பூச்சி, தவளைன்னு போட்டோ பிடிச்சு அனுப்புவாங்க. நான் அலிபிரிப் பக்கம் ஆபீஸ்ல உட்கார்ந்துகினு, இது இன்னதுன்னு பேரை உறுதி பண்ணுவேன். அனுப்புறவங்கள்ல பாதிப் பேருக்குப் பல்லிக்கும் அரணைக்கும் வித்தியாசம் தெரியாது. கேட்டா எல்லாரும் விஞ்ஞானிங்க.

எங்க பதிவுல ஒரு விதி. ஒரு தடவை வெச்ச பேரை அழிக்க முடியாது. யாராவது திருத்தினா புதுப் பேரு மேல ஏறும். பழசு கீழேயே நிக்கும், 'அடையாளம் கண்டவர்' இன்னார்னு. உலகமே பார்க்கலாம்.

டெபோரா சர்வேக்கு வந்த சித்தூர்ப் பொண்ணு. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆவல, நான் வெச்ச தவளைப் பேரைத் திருத்துச்சு. அவசரத்துல வெச்ச பேரு, தப்புதான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "ரூல்படிதானே சார் பண்ணேன்"னு சிரிச்சுச்சு. அப்புறம் ப்யூன்கூட என்னைத் தவளை சார்னு கூப்பிட ஆரம்பிச்சான். எனக்கு வயிறு எரிஞ்சுது.

போன வாரம் கங்காதர நெல்லூர்ல ஒரு பம்பு செட்டுல பாம்பு. கறுப்பு உடம்பு, வெள்ளை வளையம். கட்டுவிரியனா இருந்தா, கடிச்சா ஆள் காலி. அச்சு அசலா அதே மாதிரி விஷமில்லாத ஒண்ணு இருக்குது, வெள்ளிக்கோல் வரையன். டெபோரா போட்டோ பிடிச்சு, 'கட்டுவிரியன், சந்தேகம்'னு போட்டு அனுப்புச்சு. சந்தேகம் இருக்குற வரைக்கும் கிட்டப் போவக்கூடாது. விஷமில்லன்னு நான் உறுதி பண்ணிட்டா, கையில பிடிச்சு அளந்துட்டு விட்டுடலாம். அது எங்க வழக்கம்.

நான் அதுக்கு மேல வெள்ளிக்கோல் வரையன்னு போட்டு, உறுதின்னு தட்டினேன்.

கொஞ்ச நேரத்துல போன். "சார், கையில கடிச்சிடுச்சு. வலியே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவட்டா?"

"வரையன் கடிக்கத்தாம்மா செய்யும். சோப்பு போட்டுக் கழுவிட்டு, சோறு துன்னுட்டு, வேலையைப் பாரு."

"தேங்க்ஸ் சார்"னுச்சு. மரியாதை தெரிஞ்ச பொண்ணு, அதைச் சொல்லணும். சாயங்காலம் கண்ணு சொருகி, மூச்சு நின்னுடுச்சு.

நீங்க தெலுங்குல எழுதிக்கினு இருக்குறதைப் பார்த்தேன். நான் தமிழ் ஆளு, படிக்க வராதுன்னு நினைச்சீங்க போல. 'தவறுதலாக அடையாளம் கண்டதால்'னு எழுதியிருக்கீங்க. பாவம், வயசானவரு, கண்ணு தெரியல, கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போவட்டும்னு வெளியே பேசினதும் காதுல விழுந்துச்சு.

அந்த வரியை அடிச்சிடுங்க சார். கட்டுவிரியனுக்கு முதுகு நடுவுல செதில் பெருசா, அறுகோணமா வரிசை கட்டி நிக்கும். வரையனுக்கு அது கிடையாது. போட்டோவைத் திறந்ததுமே கட்டுவிரியன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாத்தினேன். போன் வந்தப்பவும் தெரியும்.

பாம்பு விஷயத்துல நான் இதுவரைக்கும் தப்பு பண்ணதே இல்ல.